பங்குனி ஆமையின் ஊரில் ஒரு வருடம்

போச்சூத்லா சந்தைத் தெருவில் எப்போது போனாலும் இரண்டு மூன்று பிக்கப் வண்டிகள் ஆள் நிரம்பக் காத்து நிற்கும். பின்தொட்டியில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுப் பலகைகள், வளைத்துவிட்ட இரும்புக் குழாய்கள், அதன்மேல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய். முழங்காலோடு முழங்கால் இடிக்கத்தான் உட்கார முடியும். காலடியில் தக்காளிக் கூடை, கோழித் தீவன மூட்டை, ஐஸ் பெட்டி, ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் முதுகுப்பை. இடம் கிடைக்காதவர்கள் பின்படியில் தொற்றிக்கொண்டு போவார்கள். இறங்குமிடம் வந்ததும் முன்னால் இருக்கும் தகரக் கூரையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் வண்டி நிற்கும். இதற்குக் கமியோனெத்தா என்று பெயர். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், பசிபிக் கடலோரமாக வரிசையாகக் கிடக்கும் சிப்போலீத்தே, சான் அகுஸ்தினீயோ, மசூன்தே ஆகிய ஊர்களை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் கயிறு இதுதான்.

அதில் மசூன்தேயின் ஒரே ஒரு வருடத்தை, 2024ஐ, எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழும் ஊர். சாந்தா மரியா தொனமேகா நகராட்சிக்கு உட்பட்டது. 2015இல் மெக்சிகோ அரசின் ‘புவெப்லோ மாஹிகோ’, அதாவது ‘மாய ஊர்’ பட்டியலில் சேர்ந்தது. அந்தத் திட்டம் 2001இல் தொடங்கியது. 2024இல் நாடு முழுக்க 177 ஊர்களுக்கு அந்தப் பட்டம் இருந்தது. கடலுக்குள் நீண்டிருக்கும் பூந்தா கொமேத்தா குன்றின்மேல் ஏறிச் சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள்.

2024இல் இந்த ஊரில் பெரிய சம்பவம் எதுவும் நடக்கவில்லை. நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன மாற்றங்கள்: வண்டியில் இடம் கிடைப்பது, தண்ணீர் கேன் வந்து சேரும் நேரம், அறை வாடகை, சமையற்காரரின் தினக்கூலி. ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தால் எல்லா நூலும் ஊருக்கு வெளியேதான் போய் முடிகிறது. தலைநகரில் போட்ட ஒரு கையெழுத்து, மலையைக் குடைந்த ஒரு சாலை, நாணயச் சந்தையில் ஒரு சரிவு. சுற்றுலாவை நம்பிய சிறிய ஊர்களைப் பற்றிப் பேசும்போது பயணிகள் கெடுத்துவிட்டார்கள், உள்ளூர்க்காரர்கள் பேராசைப்பட்டுவிட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது நியாயமில்லை என்பது என் எண்ணம். இப்படிப்பட்ட ஊரின் கையில் எதெல்லாம் இருக்கிறது, எதெல்லாம் இல்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்த மக்களின் நிலை புரியும்.

அதற்கு முதலில் ஆமையில் இருந்து தொடங்க வேண்டும்.

மசூன்தே என்ற பெயர் மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் ‘தயவுசெய்து இங்கே முட்டையிடு’ என்று பொருள்படும் ஒரு தொடரில் இருந்து வந்தது என்பார்கள். இங்கே மண்டிக் கிடந்த ஒரு நண்டு வகையின் பெயர்தான் திரிந்தது என்றும் சொல்வதுண்டு. எப்படியானாலும் ஊருக்குச் சோறு போட்டது ஆமை. நம் சென்னைக் கடற்கரையில் தை, மாசி, பங்குனி மாதங்களில் கரையேறி முட்டையிடுகிறதே, பங்குனி ஆமை, அதே இனம்தான். அங்கே அதற்குக் கொல்ஃபீனா என்று பெயர். முதலைத் தோல் அரிதாகிப்போன காலத்தில், 1960களில், ஆமைத் துடுப்பின் தோலுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்தது. பக்கத்து ஊரான சான் அகுஸ்தினீயோவில் வெட்டுக்கூடம் எழுந்தது. தோல் ஏற்றுமதிக்கு, இறைச்சி சந்தைக்கு, முட்டை சாராயக் கடைக்கு என்று முப்பது ஆண்டுகள் அந்தக் கரை முழுக்க அந்தத் தொழிலில்தான் வாழ்ந்தது.

1990இல் மெக்சிகோ அரசு நாடு முழுவதும் கடலாமை பிடிப்பதற்குத் தடை போட்டது. சரியான முடிவுதான், சந்தேகமே இல்லை. ஆனால் மசூன்தே குடும்பங்களின் பக்கம் இருந்து பார்த்தால், ஒரு நாள் காலையில் எழுந்தபோது அவர்கள் செய்துவந்த வேலை குற்றமாகியிருந்தது. மாற்று வழி என்று கையில் எதுவும் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் கொலைக்கூடத்தின் இடத்தை வேறு விஷயங்கள் மெல்லப் பிடித்தன. கடலாமைக்கென்று தேசிய அளவிலான ஆய்வுக்கூடமும் காட்சியகமும் மசூன்தேயிலேயே வந்தன. ‘தி பாடி ஷாப்’ நிறுவனத்தைத் தொடங்கிய அனிதா ராடிக்கின் உதவியோடு, ஊர்க்காரர்களே நடத்தும் அழகுப் பொருள் கூட்டுறவு ஒன்று உருவானது. தேங்காய் எண்ணெய், எள்ளெண்ணெய், தேன்மெழுகு கொண்டு சோப்பும் தைலமும் செய்தார்கள். கீற்றுக் கூரையின் கீழ் ஊஞ்சல் தூளி கட்டி இரவு தங்க விட்டார்கள். 1997 அக்டோபரில் பவுலினா புயல் வந்து அந்தக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. மறுபடியும் கட்டினார்கள்.

ஆக, மேலிருந்து வரும் முடிவுக்கு ஏற்ப வாழ்க்கையைத் திருப்பிக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 2024இல் வந்தது சாலை.

வஹாக்கா மாநகரம் மலைக்கு அந்தப் பக்கம். கடல் இந்தப் பக்கம். நடுவில் சியர்ரா சூர் மலைத்தொடர். பழைய வழியான 175ஆம் எண் சாலை, பைன் மரங்களும் மூடுபனியுமாக இருக்கும் சான் ஹொசே தெல் பசிஃபிகோ வழியாக வளைந்து வளைந்து போச்சூத்லாவில் வந்து இறங்கும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. வேனில் ஏறும்போதே வாந்தி வந்தால் பிடிக்கப் பை கொண்டுபோவது பழகியவர்களின் வழக்கம். இந்த வளைவுகள்தான் இத்தனை காலம் மசூன்தேயைக் காத்தன. யார் அவ்வளவு குலுங்கிக்கொண்டு வருகிறார்களோ அவர்கள் குறைந்தது நான்கு நாளாவது தங்குவார்கள்.

2024 பிப்ரவரி 4 அன்று அன்றைய அதிபர் லோபெஸ் ஒப்ரதோர், பர்ராங்கா லார்கா முதல் வென்தனீயா வரையிலான 104 கிலோமீட்டர் புதிய நெடுஞ்சாலையைத் திறந்து வைத்தார். பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போன வேலை அது. வஹாக்கா மாநகரில் இருந்து, மசூன்தேக்கு மேற்கே உள்ள கடற்கரை நகரமான புவெர்த்தோ எஸ்கொந்தீதோவுக்கு ஆறு ஏழு மணி நேரம் ஆன பயணம் இரண்டரை மணி நேரமாகச் சுருங்கியது. இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். மசூன்தேக்குப் பக்கத்திலும் ஒரு வென்தனீயா உண்டு. அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் போய் முதலை பார்க்கும் இடம். சாலை முடியும் வென்தனீயா அதுவல்ல, மேற்கே கொலோத்தெபெக் பக்கம் இருக்கும் வேறு ஊர்.

இரண்டரை மணி நேரம் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். வஹாக்கா நகரில் வெள்ளிக்கிழமை அலுவலகம் முடித்து, வீட்டில் குளித்துவிட்டுக் கிளம்பினால் கூட, நள்ளிரவுக்கு முன் கடற்கரையில் இருக்கலாம். ஞாயிறு மாலை திரும்பிவிடலாம். நாலு நாள் தங்கும் முதுகுப்பைக்காரரின் ஊர், இரண்டு நாள் தங்கும் காரோட்டியின் ஊராகவும் ஆகிறது. இரண்டும் வேறு வேறு வகைப் பணம். முதுகுப்பைக்காரர் கமியோனெத்தாவில் வருவார், சந்தையில் பழம் வாங்குவார், பொதுச் சமையலறையில் தானே சமைத்துக்கொள்வார். சொந்தக் காரில் வருபவருக்கு முதலில் வேண்டியது கார் நிறுத்த இடம், பிறகு குளிர்சாதனம் உள்ள அறை. மண் பாதைகளும் ஒரே ஒரு முக்கியத் தெருவும் உள்ள ஊரில் கார் நிறுத்த இடம் என்றால், யாரோ ஒருவர் வாழைத் தோப்பை வெட்டிச் சமப்படுத்துகிறார் என்று பொருள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பயணிகள் முன்பு மலையில் இருந்து நேரே போச்சூத்லாவில் இறங்கினார்கள். இப்போது முதலில் புவெர்த்தோ எஸ்கொந்தீதோவுக்குப் போய், அங்கிருந்து 200ஆம் எண் கடலோரச் சாலையில் கிழக்கே திரும்பி வருகிறவர்கள் அதிகம். ஊரின் வாசல் கிழக்கில் இருந்து மேற்குக்கு மாறிவிட்டது. அந்த வாசலில் நின்று பிழைத்தவர்களும் மாற வேண்டியதாயிற்று.

அந்த வருடம் புனித வாரம் சீக்கிரமே வந்தது. ஈஸ்டர் மார்ச் 31. புனித வாரத்தில் மெக்சிகோ நாடே கடற்கரைக்குத்தான் போகும். சாலை திறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். இதோடு சத்தமில்லாமல் வேலை செய்த ஒரு சட்டமும் உண்டு. 2023 ஜனவரி முதல், வேலையில் ஓர் ஆண்டு முடித்தவருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை 6 நாளில் இருந்து 12 நாளாக ஏறியது. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் இருப்பவர்களுக்கு நல்ல காலம். மெக்சிகோவின் கடற்கரை ஊர்கள் என்றாலே அமெரிக்கர்களும் கனடியர்களும்தான் என்ற எண்ணம் வெளியே இருக்கிறது. மசூன்தே போன்ற இடங்களில் வாழ்க்கையை ஓட்டுவது பெரும்பாலும் உள்நாட்டுப் பயணிதான். அவர் கையில் கூடுதலாக ஆறு நாளும், குறைந்த பயண நேரமும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

ஆட்கள் கூடும்போது முதலில் முறுக்கிக்கொள்வது தண்ணீர். இந்தக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை மிகக் குறைவு. பயணிகள் அதிகம் வரும் மாதங்களும் டிசம்பர் முதல் ஈஸ்டர் வரைதான். அதாவது கிணறு வற்ற வற்ற ஆள் கூடும். குடிப்பதற்கு 20 லிட்டர் கேன், மற்ற எல்லாவற்றுக்கும் மாடியில் கறுப்புத் தொட்டி. கிணற்றில் ஊறாத நாளில் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி அந்தத் தொட்டியை நிரப்ப வேண்டும். விடுதி நடத்துபவர் லாரிக்காரருக்குப் போன் போட்டால், பத்து அறை இருக்கும் இடத்துக்கு முதலில் வருவாரா, இரண்டு அறை வீட்டுக்கு முதலில் வருவாரா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தோடு வாழும் வீடுகள் வரிசையில் கடைசிக்குப் போகின்றன. ஒரு ஊர் சுற்றுலா ஊராக மாறுகிறது என்பதை விடுதிகளின் எண்ணிக்கையை வைத்து அளப்பார்கள். தண்ணீர் லாரி எந்த வாசலில் முதலில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் சரியான அளவு என்று நான் சொல்வேன்.

மே மாதம் அதைவிட மோசம். 2024 மே மாதத்தில் மெக்சிகோவை வெப்ப அலை வாட்டியது. தபாஸ்கோ மாநிலத்தில் ஊளைக் குரங்குகள் மரத்தில் இருந்து செத்து விழுந்த செய்தி உலகெங்கும் வந்தது. மே 7 அன்று நாட்டின் மின்கட்டமைப்பே நெருக்கடி நிலைக்குப் போய், பல மாநிலங்களில் சுழற்சி முறையில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். கீற்றுக் கூரையின் கீழ் மின்விசிறியோடு சமாளித்த ஊரில் ஏசி பெட்டிகள் கூடிக்கொண்டிருந்த நேரம் அது. டெங்குவும் அந்த வருடம் நாடு முழுக்க அதிகம்.

ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை, பொதுத்தேர்தல். கிளாவுதியா ஷெய்ன்பாம் நாட்டின் முதல் பெண் அதிபராகத் தேர்வானார். ஆளுங்கட்சிக்கு எதிர்பார்த்ததைவிடப் பெரிய வெற்றி. நீதித்துறையை மாற்றி அமைப்பார்கள் என்ற பயத்தில் முதலீட்டாளர்கள் மெக்சிகோ நாணயமான பெசோவை விற்றுத் தள்ளினார்கள். ஏப்ரல் மாதத்தில் ஒரு டாலருக்கு 16.30 பெசோ அளவில் இருந்த விலை, ஜூனில் 18ஐத் தாண்டி, வருடக் கடைசியில் 20ஐயும் தாண்டியது.

இதை மசூன்தேயின் ஒரே தெருவில் இருக்கும் மூன்று வீடுகளில் வைத்துப் பார்க்கலாம். முதல் வீட்டுக்காரரின் மகன் லாஸ் ஏஞ்சல்ஸில் வேலை செய்கிறான். வஹாக்காவில் இருந்து அந்த நகரத்துக்குப் போனவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். மகன் அனுப்பும் 100 டாலர் ஏப்ரலில் 1,630 பெசோ, டிசம்பரில் 2,000 பெசோவுக்கு மேல். அந்த அம்மாவுக்கு ஒரு வேலையும் செய்யாமலே சம்பளம் உயர்ந்தது. இரண்டாவது வீடு, இணையத்தில் டாலர் விலை போட்டு அறை விடுகிறது. அங்கேயும் லாபம்தான். மூன்றாவது வீட்டில் இருப்பவர் அந்த அறைகளைக் கூட்டிப் பெருக்கி, விரிப்பை மாற்றும் பெண். அவருக்குக் கூலி பெசோவில். நாணய மதிப்பு சரிந்தது அவருக்குத் தெரிந்ததெல்லாம், வெளியில் இருந்து வரும் பொருள்களின் விலையில்தான்.

குறைந்தபட்சக் கூலி பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுதான் நிஜமாகவே நல்ல செய்தி. 2018இல் மெக்சிகோவின் குறைந்தபட்ச தினக்கூலி 88.36 பெசோ. 2023இல் 207.44. 2024 ஜனவரி முதல் 248.93. ஆறே ஆண்டில் ஏறத்தாழ மூன்று மடங்கு. உலகில் இப்படி ஒழுங்காகக் கூலியை உயர்த்திய நாடுகள் குறைவு. ஆனால் வஹாக்காவில் வேலை செய்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அளவில் முறைசாராத் தொழிலாளர்கள். இந்த விஷயத்தில் நாட்டிலேயே முன்னணியில் நிற்கும் மாநிலம் அது. நியமன ஆணையும் இல்லை, காப்பீடும் இல்லை. சட்டக் கூலி அவர்கள் கைக்கு நேரே வராது. பேரம் பேசும்போது பிடித்து நிற்க ஒரு எண் கிடைக்கிறது, அவ்வளவுதான். மழை மாதங்களில் அறைகள் காலியாக இருக்கும்போது அந்த எண்ணும் உதவாது. செப்டம்பர், அக்டோபரில் “நாளைக்கு வர வேண்டாம்” என்பதுதான் சம்பள விவரம்.

அந்த மழை மாதங்களில்தான் ஆமைகள் வருகின்றன. மசூன்தேக்கு மேற்கே, அதே நகராட்சி எல்லைக்குள், எஸ்கொபீயா என்ற கடற்கரை இருக்கிறது. தேய்பிறையை ஒட்டிச் சில இரவுகள் ஆயிரக்கணக்கான பங்குனி ஆமைகள் ஒரே நேரத்தில் கரையேறும். ‘அர்ரிபாதா’ என்பார்கள். 1990 தடைக்குப் பிறகு பத்தே ஆண்டில் அங்கே ஒரு பருவத்துக்கு முட்டைக்குழிகள் பத்து லட்சத்தைத் தாண்டின. அந்த அளவுக்கு மீண்டு வந்த இடம் உலகில் வேறு எதுவும் இருக்குமா என்பது சந்தேகம். கடற்படையினர் துப்பாக்கியோடு காவல் இருக்கிறார்கள், முட்டைத் திருட்டு இன்னும் ஓயவில்லை. 

மழையோடு புயலும் வரும். 2022 மே 30 அன்று அகாத்தா புயல் புவெர்த்தோ ஆங்ஹெலுக்கு மேற்கே, ஏறத்தாழ இந்த ஊர்களின் தலைமேலேயே கரை கடந்தது. மே மாதத்தில் மெக்சிகோவின் பசிபிக் கரையைத் தொட்ட புயல்களில் அதுவே மிக வலியது. 2024 செப்டம்பரில் ஜான் புயல் வடமேற்கே குவெர்ரேரோ எல்லையில் கரையேறியது. வஹாக்காக் கரைக்கும் மழையைக் கொட்டிவிட்டுத்தான் போனது. மலையை வெட்டிப் போட்ட புதிய சாலையில் இப்படிப்பட்ட நாளில் மண் சரியும். அப்போது இரண்டரை மணி நேரக் கணக்கெல்லாம் செல்லாது.

இத்தனைக்கும் நடுவில் ஊரின் கையில் நிஜமாக இருப்பது ஒன்றுதான்: நிலம். வஹாக்காவின் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தனிப்பட்டவருக்குச் சொந்தமானதல்ல. ஊர்ப் பொதுநிலம் அல்லது 1917 அரசியல் சட்டம் விவசாயக் கூட்டத்துக்குக் கொடுத்த எஹீதோ நிலம். இந்தக் கடற்கரையின் பெரும்பகுதியும் அப்படித்தான். எஹீதோ நிலத்தைத் தனிப்பட்டாவாக மாற்றி விற்க 1992 திருத்தம் வழிவிட்டது. பழங்குடி ஊர்களின் பொதுநிலத்துக்கு அந்தக் கதவு அவ்வளவு எளிதில் திறக்காது; ஊர்க்கூட்டம் கூடிச் சம்மதிக்க வேண்டும். இதற்கு மேல், கடலில் இருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வாங்க முடியாது. வங்கி ஒன்றின் அறக்கட்டளை மூலமாகத்தான் முடியும். கரையோரம் முதல் 20 மீட்டர் மத்திய அரசுக்குச் சொந்தம். எந்த விடுதியும் கடற்கரைக்குப் போகும் வழியை அடைக்கக் கூடாது என்று 2020இல் அபராதத்தோடு சட்டமும் வந்தது.

காகிதத்தில் இது இரும்புக் கோட்டை. நடைமுறையில் ஓட்டைகள் இருக்கின்றன. பத்திரம் எழுத முடியாது என்றால் ‘அனுபவ உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று ஒரு தாள் எழுதிக் கைமாற்றுவார்கள், அல்லது நீண்டகாலக் குத்தகை. கொடுப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறுவைச் சிகிச்சைச் செலவு, மகளின் படிப்பு, புயலில் போன கூரை என்று எந்தக் குடும்பத்துக்கும் ஒரு நாள் பணம் தேவைப்படும். கடல் பார்த்த நிலத்துக்குப் புதிய சாலை வந்த வருடத்தில் கேட்கும் விலையோ அந்தக் குடும்பம் கனவிலும் காணாதது. ஒருமுறை கைமாறிய துண்டில் கான்கிரீட் எழும்பினால், அடுத்த துண்டுக்கு ஊர்க்கூட்டத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் குரல் ஒன்று குறையும். மேற்கே புவெர்த்தோ எஸ்கொந்தீதோவில் இது முற்றிப்போயிருக்கிறது. புந்தா கொலொராதா கடற்கரையில் கட்டடங்கள் வரக் கூடாது என்று ஊர்மக்களும் அலைச்சறுக்கு விளையாடுபவர்களும் சேர்ந்து வழக்குப் போராட்டம் நடத்தினார்கள். மசூன்தே அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை. அது தற்செயல் அல்ல. நிலம் பொதுவில் இருப்பதால்தான் நான்கு மாடிக் கட்டடம் அங்கே எளிதில் எழவில்லை.

நிலத்தோடு சேர்த்து இன்னொரு சின்ன விஷயமும் ஊரின் கையில் இருக்கிறது: விளக்கு. பங்குனி ஆமையின் முட்டை பொரிய ஏறத்தாழ 45 நாள். நவம்பர் நடுவில், இறந்தோர் திருநாளின் சாமந்திப் பூக்கள் வாடிய பிறகு இட்ட முட்டைகள் டிசம்பர் கடைசியில் பொரியும். தேங்காய்ச் சிரட்டையில் குஞ்சுகளை ஏந்திக் கொண்டுபோய் அலைக்குச் சற்று முன்னால் மணலில் விடுவார்கள். கையில் பூசிய வெயில் தைலம் அதன் உடம்பில் ஒட்டக் கூடாது என்பதற்காகவே சிரட்டை. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத உயிர். மணலில் விட்டதும் சில நொடி அசையாமல் கிடக்கும். பிறகு தலையைத் தூக்கும். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கும். பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த வெளிச்சம் கடல்மேல் விழும் வானத்து ஒளிதான். 2024 டிசம்பர் கடைசி வாரத்தில், புதிய சாலை வழியே வந்த கார்கள் நிறைந்து, புத்தாண்டுக்காக எல்லா அறைகளிலும் ஆள் இருந்த இரவுகளில், யாரும் சிரட்டையில் ஏந்தாத குஞ்சுகளும் எங்கோ ஒரு குழியில் இருந்து தாமாக மேலே வந்திருக்கும். கடலைப் பார்த்த மொட்டைமாடி விளக்கை எந்த வீட்டுக்காரர் அன்று அணைத்து வைத்தாரோ, அந்த வீட்டு வாசல் மணலில் பொரிந்தவை நேரே தண்ணீருக்குப் போயின.